ஓட்டிச இயல்புள்ள பையன் தானே கதைசொல்லும் நாவலை ஆங்கில வகுப்பில் எப்படிப் படிப்பிப்பது?

கேள்வி: பரந்தன் ரீச்சர்

வணக்கம். நான் கிளிநொச்சி மாவட்டத்தில் உயர்தர மாணவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பரீட்சைப் பாடத்திட்டத்துக்கு வெளியே, விருப்பமுள்ள பிள்ளைகளுக்காகச் சனிக்கிழமைகளில் ஒரு வாசிப்பு வகுப்பும் நடத்துகிறேன். இந்தத் தவணைக்கு மார்க் ஹடன் எழுதி 2003இல் வெளிவந்த ‘த கியூரியஸ் இன்சிடென்ற் ஒவ் த டோக் இன் த நைட்-ரைம்’ என்ற நாவலைத் தெரிவு செய்துள்ளேன். இங்கிலாந்தின் சுவின்டன் நகரில் தகப்பனோடு வாழும் பதினைந்து வயதுக் கிறிஸ்ரோபர், நள்ளிரவு கடந்து ஏழாவது நிமிடத்தில், அயல்வீட்டு நாய் மண் கிளறும் தோட்டக் கருவியால் குத்தப்பட்டு இறந்து கிடப்பதைக் காண்கிறான். கொன்றவர் யார் என்று துப்பறிந்து அதை ஒரு புத்தகமாக எழுதத் தொடங்குகிறான். அந்தத் தேடல் அவனை, இறந்துவிட்டதாகத் தகப்பன் சொல்லியிருந்த தாய் லண்டனில் உயிரோடு இருக்கிறார் என்ற உண்மையில் கொண்டுபோய் விடுகிறது.

நாவலைத் தெரிவு செய்ததற்கு முதற்காரணம் அதன் மொழிநடை. ஆங்கிலம் என்றாலே பயந்து பின்வாங்கில் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகள்கூட அதை அகராதியின் பெரிய உதவியின்றி வாசிக்கிறார்கள். வாக்கியங்கள் நேரானவை, உரையாடல்கள் யார் சொன்னார் என்ற குறிப்போடு அப்படியே தரப்பட்டிருக்கின்றன, இடையிடையே வரைபடங்களும் பட்டியல்களும் வருகின்றன. கணிதப் பிரிவுப் பிள்ளைகள் சிலர் நான் சொல்லாமலே முன்னால் வாசித்துச் சென்றுவிட்டார்கள்.

இப்போது ஒரு சிக்கல் எழுந்துள்ளது. வகுப்பில் ஒரு மாணவன் இருக்கிறான். அவனுக்கு எந்த மருத்துவரும் எந்தப் பெயரும் சூட்டியதாக எனக்குத் தெரியாது. பாடசாலை மணி அடிக்கும்போது காதைப் பொத்திக்கொள்வான். நேரசூசி மாறினால் அன்று முழுவதும் அவனால் ஒன்றிலும் மனம் செலுத்த முடியாது. கிளிநொச்சிச் சாலையிலிருந்து புறப்படும் பஸ்களின் இலக்கங்களையும் நேரங்களையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறான். முதற்சில அத்தியாயங்களை வாசித்து முடித்ததும் மற்றப் பிள்ளைகள் அவனைக் கிறிஸ்ரோபர் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அது கேலியா, அல்லது ஒருவகைப் பிரியமா என்பதை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அவனும் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

ஓட்டிசம் என்றால் என்ன என்று முதலில் ஒரு பாடம் நடத்திவிட்டுத் தொடர்வதா, அல்லது அதைப் பற்றி ஒன்றும் பேசாமல் கதையை மட்டும் வாசிப்பதா? நாவலில் பெரியவர்கள் வாயில் வரும் கெட்ட வார்த்தைகளை வகுப்பில் எப்படிக் கையாள்வது? இரண்டையும்விட எனக்குப் பாரமாக இருப்பது தாயின் கடிதங்கள் வரும் பகுதி. இங்கே காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரியில் வீதியோரத்தில் தொடங்கிய போராட்டத்தைப் பார்த்தபடி பாடசாலைக்குப் போய்வந்த பிள்ளைகள் இவர்கள். இறந்தார் என்று சொல்லப்பட்ட ஒருவர் உயிரோடு இருக்கும் கதையை இந்த வகுப்பில் எப்படி வாசிப்பது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், வவுனியா

ரீச்சருக்கு வணக்கம். முதற்கேள்விக்கு என் பதில், நோயின் பெயரிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதே. நாவலின் உள்ளே ஓட்டிசம் என்ற சொல்லோ, அதன் ஒரு வகையாகக் கருதப்பட்ட அஸ்பேர்கர் என்ற சொல்லோ கிறிஸ்ரோபரைக் குறித்து ஓரிடத்திலும் வருவதில்லை. அந்தப் பெயர் சில பதிப்புகளின் அட்டையிலும் விமர்சனங்களிலும் ஒட்டிக்கொண்டது. ஹடனும் தாம் இந்தத் துறையில் நிபுணர் அல்லர் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். ஆகவே அந்தப் பெயரை வகுப்பின் வாசலிலேயே தூக்கி வைத்தால், பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு ஒவ்வொரு பக்கத்திலும் நோய்க்குறி தேடுவார்கள். இலக்கிய வகுப்பில் நாம் முதலில் கேட்க வேண்டியது, இந்தக் கதையை யார் சொல்கிறான், எதைச் சொல்கிறான், எதைச் சொல்லாமல் விடுகிறான், அவன் அறியாத எதை நாம் அறிகிறோம் என்பதுதான்.

இதற்கு இந்த நாவலைப்போல வாய்ப்பான நூல் கிடைப்பது அரிது. கிறிஸ்ரோபர் தனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நம்மிடம் உறுதியாகச் சொல்கிறான். வாசகரும் அவனை நம்புகிறார். ஆனால் விசாரணையை நிறுத்தும்படி தகப்பன் தடை விதித்தபின், அவர் எந்தெந்தச் செயல்களைத் தடுத்தார் என்று எண்ணிப் பார்த்து, அந்தப் பட்டியலில் இல்லாத வழியொன்றைக் கண்டுபிடித்து, ஒரு வழக்கறிஞருக்குரிய நுட்பத்தோடு விசாரணையைத் தொடர்கிறான். முழு உண்மையையும் சொல்லாமல் விடுவது பொய்யாகாது என்றும் தனக்குத் தானே நியாயம் வகுத்துக்கொள்கிறான். இந்த இடத்தை வகுப்பில் எடுத்து, ‘இவன் நம்பத்தக்க கதைசொல்லியா?’ என்று மட்டும் கேளுங்கள். ஒரு பாடவேளை போதாமற் போகும்.

அடுத்ததாக உவமையும் உருவகமும். நம் பிள்ளைகள் இவற்றைத் தமிழ்ப் பாடத்தில் அணியிலக்கணமாகப் படித்தவர்கள். கிறிஸ்ரோபர் உருவகத்தைப் பொய் என்று ஒதுக்குகிறான்; ஆனால் உவமையை ஏற்றுக்கொள்கிறான், ஏனெனில் ஒன்று இன்னொன்றைப் போல இருக்கிறது என்பது பார்த்துச் சரிபிழை சொல்லக்கூடிய கூற்று. பொலிஸ்காரரின் மூக்குமயிரைப் பார்த்து, இரண்டு சின்ன எலிகள் மூக்குத் துவாரங்களில் ஒளிந்திருப்பதைப்போல் இருந்தது என்று எழுதிவிட்டு, இது உவமை என்று நமக்கு விளக்கமும் தருகிறான். அலங்காரத்தை வெறுப்பதாகச் சொல்லும் பையன் எவ்வளவு நல்ல உவமைகளை எழுதுகிறான் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

தலைப்பைப் பற்றியும் ஒரு வகுப்பு நடத்தலாம். அது ஆர்தர் கொனன் டொயில் எழுதிய ஷெர்லொக் ஹோம்ஸ் சிறுகதை ஒன்றிலிருந்து வந்தது. அங்கே, இரவில் நாய் குரைக்காததே துப்பு. நாய் குரைக்கவில்லையென்றால், வந்தவர் அதற்குப் பழக்கமானவர். இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டால், புத்திசாலிப் பிள்ளைகள் நாயைக் கொன்றவரைப் பாதியிலேயே ஊகித்துவிடுவார்கள் என்ற அபாயம் உண்டு. ஆகவே இதைப் பிந்திச் சொல்லுங்கள். அத்தியாயங்களுக்கு முதன்மை எண்களை மட்டும் இட்டிருப்பதையும், பின்னிணைப்பாக ஒரு முக்கோணக் கணக்கு முழு நிறுவலோடு தரப்பட்டிருப்பதையும் உங்கள் கணிதப் பிரிவுப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். மூன்று கதவுகளில் ஒன்றன் பின்னால் கார் இருக்கும் அந்தப் பிரபலமான நிகழ்தகவுப் புதிரைக் கணித ஆசிரியர் வந்து கரும்பலகையில் செய்து காட்டினால் இன்னும் நல்லது. உள்ளுணர்வு பிழைக்கும் என்று கிறிஸ்ரோபர் அந்தப் புதிரைக் கொண்டே வாதிடுகிறான்.

கெட்ட வார்த்தைகளைப் பற்றி நீட்டுவதற்கு ஒன்றுமில்லை. அவை பெரியவர்கள் பேசுபவை. கிறிஸ்ரோபர் அவற்றைக் கேட்டபடி பதிகிறான். அந்தப் பக்கங்களை மௌன வாசிப்புக்கு விடுங்கள்; அதிபருக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

பதில்: விசேட கல்வி ஆசிரியை, முல்லைத்தீவு

சேரின் பதிலை மிகவும் விரும்பி வாசித்தேன். ஆனால் பெயரை வாசலில் வைக்க வேண்டாம் என்ற யோசனையோடு என்னால் முழுமையாக உடன்பட முடியவில்லை. ரீச்சரின் வகுப்பில் பெயர் ஏற்கனவே உள்ளே வந்துவிட்டது; ஒரு பையனின் தலையில் ஏறியும் விட்டது. மருத்துவச் சொல்லை நாம் சொல்லாவிட்டால், பாத்திரத்தின் பெயரே அந்தச் சொல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதுதான் இப்போது நடந்திருக்கிறது.

நான் ஒரு பாடசாலையின் விசேட கல்வி அலகில் வேலை செய்கிறேன். எங்களிடம் வரும் பெற்றோரில் ஓரளவு வாசித்தவர்கள் கேட்கும் முதற்கேள்வி, ‘இவனுக்குக் கணக்கில் ஏதும் அபாரத் திறமை இருக்குமா ரீச்சர்?’ என்பது. திரைப்படங்களும் இதைப்போன்ற நாவல்களும் விதைத்த எதிர்பார்ப்பு அது. ஓட்டிச இயல்புள்ள பெரும்பாலான பிள்ளைகளிடம் அப்படியான வியத்தகு திறமை எதுவும் இருப்பதில்லை. சிலர் பேசுவதே இல்லை. சிலர் ஓயாமல் பேசுவார்கள். பெண்பிள்ளைகள் பலர் மற்றவர்களைப் பார்த்துப் பழகி, தங்கள் சிரமத்தை மறைத்துக்கொண்டே வளர்ந்துவிடுவதால் எவருடைய கண்ணிலும் படுவதில்லை. அஸ்பேர்கர் என்ற தனிப் பெயரும் 2013இல் வெளியான அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் நீக்கப்பட்டு, ஓட்டிச நிறமாலை என்ற ஒரே வகைக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. எனவே கிறிஸ்ரோபர் ஓட்டிசத்தின் இலக்கணம் அல்லன், 2003இல் ஓர் எழுத்தாளர் கற்பனை செய்த ஒரு பையன் என்பதைப் பிள்ளைகளுக்கு ஒரு பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். அதற்கு முழுப் பாடம் தேவையில்லை.

எங்கள் மாவட்டங்களுக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். 2009க்குப் பிறகு பல ஆண்டுகளாக, சத்தத்துக்கு அஞ்சுகிற, கண்ணைப் பார்த்துப் பேசாத, தனியே இருக்கிற எந்தப் பிள்ளையையும் ‘சண்டைக்குள்ள இருந்து வந்த பிள்ளைதானே’ என்ற ஒரே வசனத்தால் எல்லோரும் விளக்கிவிட்டார்கள். அந்த விளக்கம் பல பிள்ளைகளுக்குப் பொருந்தியது. ஆனால் அதே விளக்கத்துக்குள் பிறவியிலேயே வேறுவிதமாக உணரும் பிள்ளைகள் சிலரும் புதைந்துபோனார்கள். ‘ஆறுதலாக இருந்தால் மாறிவிடும்’ என்று சொல்லி அவர்களைக் காத்திருக்க வைத்தோம். மாற வேண்டியதில்லை, வகுப்பறையைச் சற்று மாற்றினால் போதும் என்று எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இப்போது உயர்தரத்தில் இருப்பவர்கள் போர் முடிந்தபோது கைக்குழந்தைகள் அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள். ஆனால் அந்த வசனம் இன்னும் ஆசிரியர் அறைகளில் உயிரோடு இருக்கிறது. காதைப் பொத்தும் பிள்ளையைப் பார்த்து இரண்டில் எது என்று நாமே முடிவு கட்டாமல் இருப்பது, வன்னியில் ஆசிரியராக இருப்பவருக்கு மற்ற இடங்களைவிட அதிகம் தேவைப்படும் ஒழுக்கம் என்று நினைக்கிறேன்.

அந்த மாணவனைப் பொறுத்தவரை, அவனை எழுப்பி ‘இது உண்மையா, நீ என்ன நினைக்கிறாய்?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள் ரீச்சர். அவன் வகுப்புக்கு வந்தது வாசிக்க. தன்னையே விளக்கிக் காட்ட வரவில்லை. பட்டப்பெயரைப் பற்றி அவனிடம் தனியாக, நேரடியாக, சுற்றிவளைக்காமல் கேளுங்கள்: அப்படிக் கூப்பிடுவது விருப்பமா, இல்லையா? விருப்பமில்லை என்றால், கதைமாந்தரின் பெயரால் எவரையும் கூப்பிடக் கூடாது என்று எல்லோருக்கும் பொதுவான ஒரு விதியாக அறிவியுங்கள். அவன் பெயரை அதில் இழுக்க வேண்டியதில்லை.

வகுப்பில் பேச ஒரு பகுதியைச் சொல்கிறேன். சிறுவயதில் தனக்கு நடந்த ஒரு சோதனையைக் கிறிஸ்ரோபர் நினைவுகூர்கிறான். இனிப்புக் குழாய் ஒன்றைத் திறந்து பார்த்தால் உள்ளே பென்சில் இருக்கிறது. இப்போது அம்மா வந்து இந்த மூடிய குழாயைப் பார்த்தால் உள்ளே என்ன இருப்பதாகச் சொல்லுவார் என்று கேட்கிறார்கள், ‘பென்சில்’ என்கிறான். தான் அறிந்ததை மற்றவர் அறியார் என்பதை அந்த வயதில் அவனால் எட்ட முடியவில்லை. பிறர் மனத்தை ஊகிக்கும் திறனில் உள்ள குறைபாடு என்று உளவியலாளர் இதை நெடுங்காலம் விளக்கினார்கள். தாமே ஓட்டிச இயல்புடையவரான டேமியன் மில்ரன் என்ற ஆய்வாளர் 2012இல் இதற்கு ஒரு மறுவாதம் வைத்தார்: புரியாமை இரு பக்கத்திலும் உண்டு, அவர்கள் நம்மை ஊகிக்கத் தவறுவதைப்போலவே நாமும் அவர்களை ஊகிக்கத் தவறுகிறோம், ஆனால் குறைபாடு என்ற பெயர் ஒரு பக்கத்துக்கு மட்டுமே சூட்டப்படுகிறது. நாவலில் பொலிஸ்காரர் கிறிஸ்ரோபரைத் தொட, அவன் அவரை அடித்துவிடுகிற காட்சியை இந்த வாதத்தோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். அங்கே யார் யாரைப் புரிந்துகொள்ளவில்லை என்ற கேள்விக்குப் பிள்ளைகள் இரண்டு விதமாகவும் எழுதலாம்.

முடிந்தால் இன்னொரு நூலிலிருந்து சில பக்கங்களையும் துணையாக வையுங்கள். எல் மக்நிக்கோல் எழுதி 2020இல் வந்த ‘எ கைன்ட் ஒவ் ஸ்பார்க்’ நாவலில் ஓட்டிச இயல்புள்ள பதினொரு வயதுச் சிறுமி கதை சொல்கிறாள். எழுதியவரும் தம்மை நரம்பியல் வேறுபாடுடையவர், அதாவது மூளை வேறுவிதமாக இயங்குபவர் என்று வெளிப்படையாகச் சொல்பவர். வெளியிலிருந்து கற்பனை செய்த குரலும் உள்ளிருந்து வரும் குரலும் எங்கே வேறுபடுகின்றன என்று ஒப்பிட அது உதவும்.

பதில்: அறிவியல்நகர் மாணவன்

ஆசிரியர்களுக்கு வணக்கம். நான் கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிறேன். ரீச்சர் குறிப்பிடும் மாணவனைப் போன்ற ஒருவனாக வன்னியில் படித்து வந்தவன். என்னிடமும் மருத்துவச் சான்று எதுவும் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னரே என்னைப் பற்றி எனக்குப் புரியத் தொடங்கியது. இந்த நாவலை வகுப்பில் படிக்கவில்லை, விடுதியில் தனியாக வாசித்தேன். ஆகவே மாணவர் பக்கத்திலிருந்து சில விடயங்களை எழுதுகிறேன்.

முதலில், எனக்குச் சரியாகப் பட்டது. கிறிஸ்ரோபர் தனியாக லண்டனுக்குப் போகும் பயணம். நிலையத்திலுள்ள அறிவிப்புகள், விளம்பரங்கள், பெயர்ப்பலகைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் அவனுக்குள் புகுந்து, எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து பொருளிழந்துபோவதை ஹடன் பக்கத்திலேயே அச்செழுத்தாகக் காட்டியிருக்கிறார். கிளிநொச்சிக்குப் புகையிரதம் 2013 செப்டெம்பரில் திரும்பி வந்தபோது நான் சிறுவன். பின்னர் முதன்முறையாகக் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கியபோது, மூன்று மொழியிலும் பலகைகள், ஒலிபெருக்கி, கச்சான் விற்பவர்களின் குரல் எல்லாம் சேர்ந்து எனக்கு நடந்ததும் அதுதான். தரையில் ஒரு சிவப்புக் கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, இடம், வலம் என்று சொல்லியபடி கிறிஸ்ரோபர் நடக்கிறான். நான் மாமாவின் சேட்டின் கோடுகளை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். இந்த ஒரு பகுதியை வகுப்பில் சத்தமாக, மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் வாசித்தால் எல்லோருக்கும் விளங்கும். ஆனால் அந்த மாணவன் விரும்பினால் வெளியே போய் நிற்கலாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

எனக்குப் பொருந்தாததும் உண்டு. கிறிஸ்ரோபருக்குப் பகிடி விளங்குவதில்லை. எனக்கு நன்றாக விளங்கும். நானும் பகிடி விடுவேன், ஆட்கள்தான் சிரிப்பதற்குப் பிந்துவார்கள். அவன் பொய் சொல்வதில்லை. நான் பாடசாலையில் நாள்தோறும் ஒரு பொய் சொன்னேன்: ‘விளங்கினதா?’ என்று கேட்டால் ‘ஓம் சேர்’ என்றேன்.

இவற்றைவிட முக்கியமானது ஷிவோன் என்ற ஆசிரியை. மாணவர்களைப் பற்றிய நூல் என்றுதான் எல்லோரும் இதைப் பார்க்கிறார்கள். ஆசிரியர்கள் ஷிவோனுக்காகவும் இதை வாசிக்க வேண்டும். ‘சத்தம் போடாதே’ என்று ஆட்கள் சொல்கிறார்கள், எவ்வளவு நேரத்துக்கு என்று சொல்வதில்லை என்று கிறிஸ்ரோபர் முறையிடுகிறான். ஷிவோன் மட்டும் எதைச் செய்யக் கூடாது, எப்போது, எந்த விதிவிலக்கோடு என்று முழுமையாகச் சொல்கிறார். வகுப்பில் ஒரு பிள்ளையை அடிக்கக் கூடாது என்பதைக்கூட, அவள் முதலில் அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதுவரை விளக்குகிறார். எழுதும் புத்தகத்தில் கணக்கின் விடையை எங்கே வைப்பது என்று கேட்டால், வாசகருக்கு அது கதையின் நடுவில் வேண்டாம், பின்னிணைப்பில் போடு என்று காரணத்தோடு சொல்கிறார். எனக்கு ஒன்பதாம் தரத்தில் அப்படி ஓர் ஆசிரியை கிடைத்தார். ‘கட்டுரை எழுது’ என்று சொல்லாமல், எத்தனை பந்தி, எதில் தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று சொன்னார். என் ஆங்கிலம் அந்த ஆண்டில்தான் முன்னேறியது. அது என் ஒருவனுக்காகச் செய்யப்பட்டதென்று அப்போது நினைத்தேன், பின்னர் பார்த்தால் வகுப்பில் பாதிப்பேருக்கு அது தேவைப்பட்டிருக்கிறது.

பரந்தன் ரீச்சர்

மூவருக்கும் நன்றி. தம்பி, நீங்கள் எழுதியதை என் அறையிலுள்ள மற்ற ஆசிரியர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். அந்த மாணவனிடம் தனியே கேட்டேன். கிறிஸ்ரோபருக்கு பஸ் பிடிக்காது, எனக்கு பஸ் பிடிக்கும், ஆகவே அந்தப் பெயர் பிழையானது என்றான். பிழையான பெயர் என்ற காரணத்தை வைத்தே விதியை அறிவித்துவிட்டேன்.

தாயின் கடிதங்கள் பற்றி எவரும் இன்னும் எழுதவில்லை. அடுத்து வரப்போவது அந்தப் பகுதி. வகுப்பிலுள்ள ஒரு மாணவியின் தகப்பனைப் பற்றி வீட்டில் ஒருவர் ஒன்றும் மற்றொருவர் வேறொன்றும் சொல்வதாக அறிவேன்.

பதில்: புதுக்குடியிருப்பு வாசகி

நான் ஆசிரியை அல்ல. எங்கள் வீட்டில் அண்ணா காணாமல் ஆக்கப்பட்டவர். எனவே உங்களுடைய அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

இந்த நாவலில் கிறிஸ்ரோபர், தகப்பன் பறித்து வைத்த தன் புத்தகத்தைத் தேடும்போது, அவருடைய அலுமாரியில் ஒரு சேட்டுப் பெட்டிக்குள் தாயின் கடிதங்களைக் காண்கிறான். உறையின் முத்திரையில் உள்ள திகதி, தாய் இறந்ததாகச் சொல்லப்பட்ட நாளுக்குப் பதினெட்டு மாதம் பிந்தியது. அவன் உடனே விளங்கிக்கொள்வதில்லை. வேறொரு கிறிஸ்ரோபருக்கு வேறொரு தாய் எழுதியதாக இருக்கலாம் என்றுகூட யோசிக்கிறான். வாசகருக்கு விளங்கிவிட்டது, அவனுக்கு விளங்கவில்லை. அந்த இடைவெளிதான் அந்தப் பக்கங்களை வாசிக்க முடியாமற் செய்கிறது.

எங்கள் நிலைமையோடு இதை ஒப்பிடும்படி தயவுசெய்து பிள்ளைகளிடம் கேட்காதீர்கள். கிறிஸ்ரோபருக்கு ஒரு திகதியும் முகவரியும் கிடைக்கின்றன. போகிறான், வீட்டில் ஆளில்லை, வாசலில் காத்திருக்கிறான், தாய் வந்துசேர்கிறார். எங்களுக்கு அலுமாரியில் எந்தப் பெட்டியும் இல்லை. அந்த வேறுபாட்டை உங்கள் மாணவி உங்களைவிட விரைவாக உணர்வாள். அதை அவள் எழுதிக் காட்ட வேண்டிய தேவை இல்லை. ‘உங்கள் குடும்பத்தில் மறைக்கப்பட்ட உண்மை ஒன்றை எழுதுக’ என்ற வகையான பயிற்சியைச் சில கருத்தரங்குகளில் நல்லெண்ணத்தோடு தருகிறார்கள். எழுதியவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று அவர்கள் திரும்பி வந்து பார்ப்பதில்லை.

பதிலாக, அந்தப் பகுதிக்குப் போகுமுன் கதையை முழுமையாகச் சொல்லிவிடுங்கள். தாய் உயிரோடு இருக்கிறார், தகப்பன் பொய் சொன்னார், நாயைக் கொன்றவரும் தகப்பன்தான் என்பதையெல்லாம் சொல்லிவிடுங்கள். துப்பறியும் சுவை கெடும் என்று சேர் கவலைப்படலாம், கெடட்டும். எது வரும் என்று தெரிந்திருந்தால் விரும்பாத பிள்ளை அந்த வகுப்புக்கு வராமல் இருக்கலாம், காரணம் கேட்காதீர்கள்.

வகுப்பில் பேசுவதற்கு எனக்குத் தோன்றுவது தகப்பனைப் பற்றியது. கடிதங்களை வாசித்து வாந்தியெடுத்து மயங்கிக் கிடக்கும் மகனைத் தூக்கிக் கழுவித் துடைப்பவர் அந்தப் பொய்யைச் சொன்ன அதே மனிதர். மகனுக்குக் கட்டிப்பிடிப்பது பிடிக்காது என்பதால் விரல்களை விரித்து விரல்நுனியோடு நுனி தொடுவதைப் பழகியவர். உயர்தரக் கணிதப் பரீட்சைக்கு மகனைத் தோற்ற விடுமாறு பாடசாலையோடு வாதாடி வென்றவர். அவர் ஏன் பொய் சொன்னார், சொல்லியிருக்கலாமா, கிறிஸ்ரோபர் அவரை விட்டு ஓடியது நியாயமா? இந்தக் கேள்விகளைக் கதைக்குள்ளேயே நின்று கேட்கலாம். இங்கே பல வீடுகளில் பெரியவர்கள் ஏதோ ஒரு காரணத்துக்காகப் பிள்ளைகளிடம் எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். அவர்களைக் குற்றவாளிகளாக்காமலும் அவர்கள் செய்தது சரி என்று சொல்லாமலும் யோசிக்க அந்தத் தகப்பன் இடம் தருகிறார். பிள்ளைகள் அதைத் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோவதும் விடுவதும் அவர்கள் விருப்பம்.

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், வவுனியா

தங்கச்சி எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். சுவை கெட்டாலும் பரவாயில்லை. அப்படியானால் ஹோம்ஸ் கதையின் குரைக்காத நாயையும் அடுத்த வகுப்பிலேயே சொல்லிவிடலாம் ரீச்சர். கொலையாளி யார் என்று தெரிந்துகொண்டு திரும்ப வாசிக்கும்போது, ஆரம்பப் பக்கங்களில் தகப்பன் பேசும் ஒவ்வொரு வசனமும் வேறு பொருள் தரும். உயர்தர மாணவர்களுக்கு அதுவே நல்ல பயிற்சி.

தவணை முடிவுக்கு ஒரு வேலையைப் பரிந்துரைக்கிறேன். நாவலின் முடிவில் கிறிஸ்ரோபர், தான் தனியாக லண்டனுக்குப் போனதையும் கொலையைத் துப்பறிந்ததையும் ஒரு புத்தகம் எழுதியதையும் எண்ணிச் சொல்லி, ஆகவே தன்னால் எதையும் செய்ய முடியும் என்று உறுதியாக முடிக்கிறான். சைமன் ஸ்ரீபன்ஸ் இதை நாடகமாக்க, அது 2012இல் லண்டன் தேசிய நாடக அரங்கின் தயாரிப்பாக மேடையேறியது. நாடகத்தின் முடிவில் அதே கூற்றைக் கிறிஸ்ரோபர் ஷிவோனிடம் ஒரு கேள்வியாக்கி, அப்படியென்றால் என்னால் எதையும் செய்ய முடியுமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். ஷிவோன் பதில் சொல்வதில்லை. நாவல் கூற்றாக முடிப்பதை நாடகம் ஏன் கேள்வியாக்கியது, ஷிவோன் ஏன் பேசவில்லை, இரண்டில் எந்த முடிவு கிறிஸ்ரோபருக்கு நேர்மையானது என்று பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதட்டும். எத்தனை பந்தி, எதில் தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதையும் வினாவிலேயே குறிப்பிட்டுவிடுங்கள். என்னிடம் அந்த நாடகப் பிரதி இருக்கிறது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரும் பஸ் ஒன்றில் கொடுத்துவிடுகிறேன், எந்த பஸ் என்பதை உங்கள் மாணவனிடமே கேட்டுச் சொல்லுங்கள்.